நான்கு ஆண்டுகளாக வீட்டில் வளர்த்து உண்ட கோழிக்கறி: இறுகிய சதையும் உறைந்த சாறும்

வீட்டுக் கொல்லையில் இறைச்சிக்காகக் கோழி வளர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், கடையில் வாங்கும் பண்ணைக் கோழிக்கும் நான் வளர்த்து உண்ணும் கோழிக்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா என்று சென்ற வாரம் கேட்டார். தொலைபேசியில் அவசரமாகச் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லாததால் இங்கே விரிவாக எழுதுகிறேன். கூட்டின் அளவு, இனத்தேர்வு போன்றவற்றை அவர் ஏற்கெனவே படித்துவிட்டார். நான்கு ஆண்டுகளாக என்னை விடாமல் உறுத்தி வந்தது ஒன்றே ஒன்றுதான்: கறியின் இறுக்கம்.

முதலில் அறுத்தது ஏழு மாதச் சேவல். காலையில் அறுத்து, இறகு பறித்து, சுத்தம் செய்த அரை மணி நேரத்திலேயே அடுப்பில் ஏற்றிவிட்டோம். இரண்டு மணி நேரம் கொதித்த பிறகும் தொடைச் சதை எலும்பை விட்டு வரவில்லை. முள்கரண்டியால் இழுத்தால் நீண்டு, விட்டதும் மீண்டும் சுருங்கிக்கொண்டது. என் தந்தை ஒரு துண்டை வெகுநேரம் மென்று பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் அதைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். ஏழு மாதங்கள் தீவனம் வைத்து, இரவுதோறும் கூட்டைப் பூட்டிக் காத்த உழைப்பெல்லாம் அந்தத் தட்டின் ஓரத்தில் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவில் இருக்கிறது.

தவறில் பாதி என்னுடையது என்பது பின்னர்தான் புரிந்தது. உயிர் பிரிந்த சிறிது நேரத்தில் தசைகள் விறைக்கத் தொடங்கும். அந்த விறைப்பு தளர்வதற்கு முன் சமைத்தால் எந்தக் கோழியும் கடினமாகத்தான் இருக்கும். அதன்பின், சுத்தம் செய்த கறியை 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்பெட்டியில் ஒரு முழு நாள் வைத்த பிறகே அடுப்பில் ஏற்றுகிறோம். மீதிப் பாதிக்குக் காரணம் வயது. தசை நார்களைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்னும் புரதம் வயது ஏற ஏறத் தனக்குள் வலுவாகப் பிணைந்துகொள்கிறது. ஆறு வாரத்தில் கடைக்கு வந்துவிடும் பண்ணைக் கோழியில் அந்தப் பிணைப்பு முதிர்வதற்கு நேரமே இருப்பதில்லை. இதற்கு மருந்து, மெல்லிய தீயில் நிறைய நீர் விட்டு நீண்ட நேரம் வேகவைப்பது ஒன்றுதான். இவ்வளவும் செய்த பிறகும், ஒரே அடைகாப்பில் பொரிந்த இரண்டு சேவல்களில் ஒன்று மெத்தென்று வேகிறது, மற்றொன்று முரண்டுபிடிக்கிறது. விருந்தினரை அழைத்துவிட்டு எது எப்படி அமையும் என்று தெரியாமல் அடுப்படியில் நிற்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. பண்ணைக் கோழி ஒருநாளும் அப்படி ஏமாற்றியதில்லை.

ஆனால் அதே கொலாஜன்தான் நான் எதிர்பாராத மகிழ்ச்சியையும் தந்தது. மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வேகும்போது அது கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. இரவு முழுவதும் குளிர்பெட்டியில் இருந்த சாற்றுப் பாத்திரத்தைக் காலையில் சாய்த்தால் உள்ளே இருப்பது நகராது; கரண்டியை நிறுத்தினால் நிற்கும். மேலே படர்ந்திருக்கும் கொழுப்பு வெளிறிய வெள்ளையாக இல்லாமல், கோழி மேய்ந்த கீரையிலும் புல்லிலும் உள்ள நிறமிகளால் ஆழ்ந்த மஞ்சளாக இருக்கும். அதைச் சூடாக்கும்போது எழும் மணத்தை நான் வாங்கிய எந்தப் பண்ணைக் கோழியிலும் கண்டதில்லை.

பண்ணைக் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சை நண்பரும் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. அது வளரும் வேகத்துக்குக் காரணம் பல தலைமுறைகளாகச் செய்யப்பட்ட இனத்தேர்வும் தீவனமுமே. 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் இனங்களைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே தீவனத்தில் வளர்த்து ஒப்பிட்டு, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் 1957 இனத்தின் சராசரி எடை 905 கிராம். 1978 இனம் 1,808 கிராம். 2005 இனம் 4,202 கிராம். அந்த வேகத்துக்குக் கோழி தன் கால்களாலும் இதயத்தாலும் விலை கொடுக்கிறது, நெஞ்சுக்கறியில் வெள்ளை வரிகளும் மரம்போன்ற இறுக்கமும் தோன்றுகின்றன என்பதும் உண்மையே. ஆனாலும் அது ஒரு கிலோ எடை கூட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கிலோ தீவனமே உண்கிறது. என் குறிப்பேட்டின்படி என் சேவல்களுக்கு, மேய்ந்தது போக, ஐந்து கிலோ தேவைப்பட்டது. வீட்டுக் கோழி என்பதால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் விலகி நிற்பதுமில்லை; எந்தக் கறியானாலும் உட்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். வீட்டில் வளர்ப்பதாலேயே மருந்தில்லாத கறி என்று சொல்வதும் சரியன்று. குடற்புழு மருந்து கொடுத்த பின், அதன் உறையில் குறித்திருந்த நாள்கள் முடியும் வரை நானும் அறுக்காமல் காத்திருந்திருக்கிறேன்.

மூன்று மாதங்களுக்கு முன், ராணிக்கெட் என்னும் கோழி நோய்க்கான தடுப்பு மருந்தின் அடுத்த தவணையைப் பத்து நாள் தள்ளிப்போட்டேன். அந்த இடைவெளியில் நோய் புகுந்தது. பச்சைக் கழிச்சலும், கழுத்து முறுக்கிக்கொண்டு தலை பின்னால் திரும்புவதுமாக, ஆறு நாள்களில் பத்தொன்பது கோழிகளில் பதினான்கு மடிந்தன. வந்தபின் அதற்கு மருத்துவம் கிடையாது. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தேன். அவற்றுள் நான்கு, மறுவாரம் அறுப்பதற்காக வைத்திருந்த சேவல்கள்.

ஆகவே நண்பருக்கு என் பதில், இறைச்சிக்காக வளர்க்க வேண்டாம் என்பதே. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். அந்தக் குழியை வெட்டிய கைகளால் எனக்கு வேறு பதில் எழுத வரவில்லை. முட்டைக்காக நான்கைந்து கோழிகள் வளர்த்தால் நான் தடுக்கமாட்டேன். நாங்களும் இப்போது கறியைக் கடையில்தான் வாங்குகிறோம். சாறு வைக்கும்போது பண்ணைக் கோழியின் பாதங்களை நிறையச் சேர்த்தால், அவற்றின் தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜனால் அதுவும் நன்றாகவே உறைகிறது. நேற்று அப்படி வைத்த சாற்றை என் தந்தை முழுவதும் குடித்துவிட்டு, பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த வெள்ளைக் கொழுப்பைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அடை வைக்கும் அளவுக்குக் கூட்டில் முட்டை சேர்ந்துவிட்டதா என்று கேட்டார்.