ஒசிமென் ஜெர்சி: காந்தி ஸ்டேடியம் பக்கத்து பிரிண்டிங் கடை

சேலத்தில் கால்பந்து வீரர் விக்டர் ஒசிமென் பேர் போட்டு ஜெர்சி அடிக்க இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். "நாப்போலியா, கலாட்டாசராயா?" என்று எந்த கிளப் ஜெர்சி வேண்டும் என்பதை அவர்களே கேட்கிறார்கள், அதற்கே பாதி மார்க். நாப்போலி என்றால் நீலம், எண் 9. 2022-23இல் 26 கோல் அடித்து, 33 வருஷம் கழித்து இத்தாலி லீக் பட்டத்தை வாங்கித் தந்த சீசன் அது. 2024இல் லோனில் துருக்கிக்குப் போனவரை அடுத்த வருஷமே கலாட்டாசராய் மொத்தமாக வாங்கிவிட்டது. அங்கே எண் 45. பழக்கதோஷத்தில் 9 என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், அங்கே அது இக்கார்டி என்ற இன்னொரு வீரர் போட்ட நம்பர்.

நீலத்தில் வினைல் (சூட்டில் அழுத்தி ஒட்டும் எழுத்து ஷீட்) பிரமாதமாக உட்காருகிறது. சிக்கல் கலாட்டாசராய் சிவப்பில்தான். 160 டிகிரியில் அழுத்தினால் பாலியஸ்டர் துணியின் சாயம் மேலேறி, வெள்ளை எழுத்து நாலைந்து நாளில் ரோஸாகிவிடும். 130 டிகிரியில் ஒட்டும், சாயம் தடுக்கும் வினைல்தான் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கேட்காமல் போட மாட்டார்கள். ஆறவிட்டு உரிக்கும் ரகமாக இருந்தால் சூட்டோடு ஷீட்டை இழுக்க விடாதீர்கள், 5இன் வளைவுதான் முதலில் கிளம்பும். ஒரு நாள் கழித்து, உள்பக்கம் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவைக்கவும். இஸ்திரி பிரிண்ட் மேல் படவே கூடாது.