பாம்பன் வீட்டு மேசையில் அல்ட்ராவைட்: மூன்றரை வருட அனுபவம்

அல்ட்ராவைட் என்கிற மிக அகலமான மானிட்டர் ஒன்று வாங்கலாமா, சாதாரண மானிட்டர் இரண்டு வாங்கலாமா என்று யாராவது கேட்டால், மாதத்தில் எந்தத் தேதியை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். கிண்டலில்லை. எனக்குத் தேதியைப் பொறுத்துத்தான் பதில் மாறுகிறது.

எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. ராமேஸ்வரத்தில் நாலைந்து லாட்ஜ், பாம்பனில் ஓர் ஐஸ் கம்பெனி, மண்டபத்தில் நண்டு வியாபாரிகள் இரண்டு பேர், கொஞ்சம் மளிகைக் கடைகள். எல்லாருக்கும் டேலி மென்பொருளில் கணக்கும் ஜிஎஸ்டி தாக்கலும் என் மேசையில்தான். வீடு தென்கடலைப் பார்த்தது. ஜன்னலைத் திறந்தால் வள்ளங்கள் தெரியும். திறந்த ஐந்தாவது நிமிடம் மேசையில் கை வைத்தால் பிசுபிசுக்கும்.

2020 லாக்டவுனில் 24 இஞ்ச் மானிட்டர் இரண்டு வாங்கினேன், ஒவ்வொன்றும் ஒன்பதாயிரத்துச் சொச்சம். 2022 மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் வேலை குறைந்திருந்தபோது, 34 இஞ்ச் அல்ட்ராவைட்டுக்கு மாறினேன். முப்பத்து நாலாயிரம் ரூபாய். 24 இஞ்சில் ஒன்றைக் கொழுந்தன் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். இன்னொன்றைப் பழைய நூல் சேலையில் சுற்றி பீரோ மேல் வைத்தேன். அந்தச் சேலை மூட்டைக்குப் பிற்பாடு வேலை வரும்.

முதலில் 14-ம் தேதி. அன்றுதான் ஜிஎஸ்டிஆர்-2பி வரும். நம் கடைக்குச் சரக்கு கொடுத்தவர்கள் என்னென்ன பில் ஏற்றியிருக்கிறார்கள் என்ற பட்டியல் அது. அதையும் நாம் டேலியில் போட்ட கொள்முதலையும் பில் பில்லாக ஒப்பிட வேண்டும். பில் நம்பர், தேதி, ஜிஎஸ்டி எண், வரி போடும் தொகை, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி என்று ஒரு பக்கம். அதே வரிசை மறுபக்கம். நடுவில் வித்தியாசம் காட்டும் பத்தி. இரண்டு மானிட்டரில் இதைச் செய்யும்போது சரியாக நடுவில் இரண்டு சட்டமும் சேர்ந்து விரல் கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு நிற்கும். கண் இடப்பக்கம் 1087-ஐப் பார்த்துவிட்டு அந்தக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போவதற்குள் ஒரு வரி கீழே இறங்கிவிடும். ஒரு முறை ஐஸ் கம்பெனிக்காரருக்கு 1078-ஐ 1087 என்று டிக் போட்டு, இல்லாத வித்தியாசத்தை இரவு பதினொன்று வரை தேடினேன்.

அல்ட்ராவைட்டில் கோடு இல்லை. 3440 புள்ளி (பிக்சல்) அகலத்தில் எக்செல் பத்திகள் சாதாரண அளவில் ஐம்பதுக்கு மேல் நிற்கும். பழைய 1920-ல் முப்பதுதான். உயரமும் 1080-க்கு 1440, மூன்றில் ஒரு பங்கு கூட. 14 முதல் 20 வரை, அதாவது ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாள் வரைக்கும், இந்த மானிட்டரை என் கையிலிருந்து யாரும் வாங்க முடியாது.

ஆனால் 11-ம் தேதியை ஒட்டிக் கேட்டால் என் முகம் மாறும். விற்பனைப் பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-1 போடுவதற்கு முன் ஒவ்வொரு வியாபாரியிடமும் கூகுள் மீட்டில் பில்களைக் காட்டி ஒப்புதல் வாங்குவேன். அவர்கள் பார்ப்பது போனில், பாதிப் பேர் மீன் ஏலத்தில் நின்றுகொண்டு. இரண்டு மானிட்டர் இருந்தபோது ஒன்றை அப்படியே பகிர்ந்துவிட்டு, மற்றதில் என் குறிப்புகளையும் வாட்ஸப்பையும் வைத்துக்கொள்வேன். அல்ட்ராவைட்டை முழுதாகப் பகிர்ந்தால் எழுத்தெல்லாம் எறும்பு. "யக்கா, கோடு கோடாத் தெரியுது, ஒண்ணும் வெளங்கல" என்று நண்டு வியாபாரி ஒருவர் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அதோடு, ஒரு லாட்ஜ்காரரிடம் பேசும்போது இன்னொரு லாட்ஜின் கணக்கு ஓரத்தில் திறந்து கிடந்தால் என் தொழில் என்ன ஆவது?

வழி இருக்கிறது. எக்செல் ஜன்னலை மட்டும் பகிரலாம். ஜூமில் திரையின் ஒரு பகுதியை மட்டும் கட்டம் கட்டிக் காட்டலாம். இல்லையென்றால் மானிட்டரிலேயே பிபிபி என்று ஒரு வசதி உண்டு. லேப்டாப்பிலிருந்து இரண்டு கேபிள் கொடுத்தால் ஒரே கண்ணாடி 1720-க்கு 1440 என்று இரண்டு மானிட்டராகப் பிரிந்து நிற்கும், நடுவில் சட்டமும் கிடையாது. என்னுடைய மானிட்டரில் அது மெனுவுக்குள் நாலாவது படியில் ஒளிந்திருந்தது. எட்டு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். வாங்குகிறவர்கள் முதல் நாளே தேடிப் பாருங்கள்.

ஜன்னல்களை ஒதுக்கி வைப்பது விண்டோஸ் 11-ல் சிரமமே இல்லை. விண்டோஸ் பட்டனும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் மூன்றாகப் பிரிக்கும் கட்டங்கள் வந்து நிற்கும். போதாதவர்கள் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் மென்பொருளில் ஃபேன்சிசோன்ஸ் போட்டுக்கொள்ளலாம், இலவசம்தான்.

அளவு பற்றி ஒரு தவறான எண்ணம் எனக்கும் இருந்தது. 34 இஞ்ச் என்றதும் டிவி மாதிரி பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன். டேப் வைத்து அளந்தால் அகலம் 80 சென்டிமீட்டர், உயரம் 33. உயரம் ஒரு 27 இஞ்ச் மானிட்டரின் உயரம்தான். இரண்டு 24 இஞ்சை அடுத்தடுத்து வைத்தால் 106 சென்டிமீட்டருக்கு மேல் போகும். ஆக, அல்ட்ராவைட் மேசையின் அகலத்தை மிச்சம் பிடித்தது, ஆழத்தைத் தின்றது. அதன் கால் கவட்டை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். என் மேசை ஆழம் இரண்டடி. மூக்குக்கு நேரே சுவர் வைத்த மாதிரி இருந்தது. ஆசாரியைக் கூப்பிட்டுப் பின்பக்கம் அரையடி பலகை சேர்த்த பிறகுதான் ஓரங்களைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்ப முடிந்தது. வளைவு 1500ஆர், அதாவது ஒன்றரை மீட்டர் ஆரம். முதல் வாரம் எக்செல் கோடுகளெல்லாம் பாய் சுருட்டின மாதிரி தெரியும். அப்புறம் மறந்துபோகும்.

புள்ளிக் கணக்கு மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1440 உயரமுள்ள 27 இஞ்ச் இரண்டு வைத்தால் மொத்த அகலம் 5120. அல்ட்ராவைட்டைவிட ஏறக்குறைய பாதி மடங்கு கூடுதல் இடம். இடம்தான் வேண்டும், கோடு உறுத்தாது என்றால் அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் லேப்டாப்பையும் பாருங்கள். எங்கள் மைனி மகளின் எம்1 சிப் மேக்புக் ஏர் வெளியே ஒரே ஒரு மானிட்டரைத்தான் ஓட்டும், எம்2-வும் அப்படியே. அவளுக்கு அல்ட்ராவைட் தவிர நேர்வழி இல்லை. என் லேப்டாப்புக்கு வேறு வியாதி: பழைய எச்டிஎம்ஐ, 3440-ஐ 30 ஹெர்ட்ஸில்தான், அதாவது நொடிக்கு 30 படம்தான், காட்டியது. மவுஸ் அம்பு சேற்றில் நடப்பது போல வந்தது. மானிட்டர் கோளாறு என்று இரண்டு நாள் புலம்பிவிட்டு, டைப்-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் போகும் கேபிள் வாங்கிப் போட்டதும் சரியானது.

கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்குமா என்ற பயம் தேவையில்லை. என்னுடையது 45 வாட் இழுக்கிறது, பழைய இரண்டும் சேர்ந்து 40.

இனி உப்புக் காற்று. மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் எந்த அனுபவத்திலும் இது வருவதில்லை. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். அந்த ஈரத்தில் கரண்ட் ஓடினால் செம்பும் ஈயமும் அரிக்கும். மானிட்டர் சூட்டோடு ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே ஈரம் தங்காது. அணைத்து நாலு நாள் போட்டால்தான் வினை. கேபிளைக் கழற்றிப் பார்த்தால் முனையில் பாசி மாதிரி பச்சை. ஸ்டாண்டு திருகாணி ஆறே மாதத்தில் துரு. கண்ணாடியில் படியும் உப்பை உலர்ந்த துணியால் துடைத்தால் மேலே இருக்கும் மேட் பூச்சில் கீறல் விழும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒற்றி எடுத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் பேட்டரி தண்ணீர் கேன் மேசைக்கு அடியில்தான் இருக்கிறது.

இவ்வளவு பார்த்தும் 2023 நவம்பரில், வாடைக் காற்று ஏறிய நேரம், 18-ம் தேதி இரவு, அல்ட்ராவைட்டின் வலது ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. பத்து நிமிடத்தில் மொத்தமும் இருட்டு. கீழே விளக்கு மட்டும் கண் சிமிட்டியது. 3பி-க்கு இன்னும் இரண்டு நாள், ஏழு கடை பாக்கி. ஒரு நாள் தாமதித்தாலும் கடைக்கு 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி வேறு. அந்தப் பணத்தைவிட, "கணக்குக்காரம்மா விட்டுட்டாங்க" என்ற பேச்சு பெரிது. லேப்டாப்பின் பதினாலு இஞ்சில் ஒப்பிட்டுப் பார்த்தேன், கண் கட்டிவிட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த சேலை மூட்டையை இறக்கினேன். சேலையைப் பிரித்ததும் பாச்சை உருண்டை வாசம். பிளக்கில் சொருகியதும் சட்டென்று எரிந்தது. 20-ம் தேதி மாலைக்குள் ஏழும் முடிந்தது.

கம்பெனிக்குப் போன் செய்தால், எங்கள் பின்கோடுக்கு ஆள் வரமாட்டாராம். அரிப்பு என்றால் வாரண்டியிலும் வராதாம். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போவதென்று முடிவானது. ரயில் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள், புதுப் பாலம் திறந்ததே 2025 ஏப்ரலில்தான். ஆகவே பஸ். பெட்டி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். கண்டக்டர் பார்த்த பார்வை இருக்கிறதே!

"என்னத்தா, டிவியா?"

"இல்லண்ணே, மானிட்டரு."

"எதுவா இருந்தாலும் சீட்டுல வைக்க முடியாது. லக்கேஜ் போட்டு டிரைவருக்குப் பின்னாடி நிறுத்திக்க."

ராமநாதபுரம் வரை நானும் அதன் பக்கத்தில், ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் பெட்டியையும் பிடித்தபடி நின்றேன். அதைத் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. கடைக்காரத் தம்பி பின்மூடியைக் கழற்றி, பவர் போர்டில் ஓர் ஓரம் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்திருந்ததைக் காட்டினார். 3200 ரூபாய், நான்கு நாள். அன்றிலிருந்து இன்றுவரை மக்கர் இல்லை.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று போனால் ஒன்று இருக்கும். போனதையும் ஒரு மஞ்சப்பையை விடக் கொஞ்சம் பெரிய பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம். வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இப்போது என் மேசையில் அல்ட்ராவைட் நடுவிலும், அந்தச் சேலை மூட்டை மானிட்டர் இடப்பக்கம் செங்குத்தாகவும் நிற்கின்றன. 80-ம் 30-ம் சேர்ந்து 110 சென்டிமீட்டர், நாலடி மேசைக்குள் அடங்கிவிட்டது. செங்குத்தில் வாட்ஸப்பும் ஸ்கேன் செய்த பில்லும். மீட்டில் பேசும்போது குறிப்புகள். காலை வெயில் ஜன்னல் வழி வந்தால் அதைத் தனியே திருப்பிக்கொள்ளலாம். வளைந்த பெரிய கண்ணாடியை அப்படித் திருப்ப முடியாது, பத்து மணி வரை திரைச்சீலைதான்.

வாங்குகிறவர்கள் பெட்டியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்னுடையது தெர்மோகோலோடு பரணில் கிடக்கிறது. முண்டு மிளகாய் வத்தல் போட்டு வைக்க நல்ல பெட்டி என்று அத்தை இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் கொடுக்கவில்லை.