விட்டால் நிற்கும் வாக்கர்

அப்பாவுக்குப் பார்க்கின்சன். நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னே போகும். விழுவது அப்படித்தான். அதனால்தான் லேசர் வைத்த, பிரேக் தலைகீழாக வேலை செய்யும் வாக்கர் வாங்கினோம்.

சாதாரண நாலு சக்கர வாக்கரில் பிரேக்கை அழுத்தினால்தான் நிற்கும். காலடி சின்னதாகி வேகம் பிடிக்கும்போது வண்டியும் சேர்ந்து ஓடும். அழுத்தணும் என்று தோன்றுவதற்குள் ஆள் கீழே. இதில் நேர்மாறு: பிடித்தால் உருளும், விட்டால் நிற்கும். அமெரிக்காவின் யு-ஸ்டெப் இந்த வகைதான். நாங்கள் வாங்கியது வேறு கம்பெனி. சக்கரமில்லாத அலுமினிய வாக்கரும் வீட்டில் உண்டு. ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி வைக்க வேண்டும், நடை அறுந்துவிடும், பின்னால் வேறு சாய்வார். இப்போது அதில் துண்டு காய்கிறது.

அடுத்து லேசர். பட்டனை அழுத்தினால் காலுக்கு முன்னால் குறுக்காக ஒரு கோடு விழும். தானாக வராத நடை, கண்ணால் ஒன்றைப் பார்த்துத் தாண்டும்போது வந்துவிடுகிறது. அப்பா மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சமையலறை நிலைவாசலில். முன்பெல்லாம் அம்மா கையைப் பிடித்து இழுப்பார், இழுக்க இழுக்க இன்னும் ஒட்டும். இப்போது "கோட்டைப் பாருங்க" என்பதோடு சரி. ஒரு நொடி குனிந்து பார்க்கிறார், அப்புறம் வலது காலை வாய்க்கால் தாண்டுவதுபோல் உயர்த்தி வைக்கிறார். அந்த ஒரு அடி விழுந்தால் போதும், மற்றவை தொடர்ந்து வரும்.

குறைகளும் உண்டு. வெயில் விழும் வராந்தாவில் கோடு தெரியவே தெரியாது. சிவப்பு ஆக்சைடு தரையிலும் சிவப்பு லேசர் மங்கல்தான், பச்சை கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். நல்ல கனம், ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். "எல்லா வீட்டுக்கும் பொருந்தும் மேடம்" என்றார் கடைக்காரர். எங்கள் குளியலறைக் கதவு 2 அடி, உள்ளே நுழையவில்லை. பிரேக் பிடியும் அப்பாவின் கைக்கு இறுக்கம். அதைத் தளர்த்த ஆள் அனுப்பச் சொல்லி ஃபோன் போட்டே ஓய்ந்துபோனேன்.

குளியலறையில் ஒரு காலடி இடைவெளியில் குறுக்காக மஞ்சள் டேப் ஒட்டி, சுவரில் கைப்பிடிக் கம்பி அடித்தோம். டேப்பும் லேசரின் வேலையைத்தான் செய்கிறது. வீட்டுக்குள் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் கால் ஒட்டுகிறது என்றால், முதலில் டேப்பை ஒட்டிப் பாருங்கள். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர்களுக்கு இந்த வாக்கர் சரிவராமல் போகலாம். நல்ல கையில் பிடிக்கும் நாலு கால் ஊன்றுகோல் பற்றி பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

கோட்டைப் பார்த்தாலும் கால் எழாதவர்களும் இருக்கிறார்கள். அதனால் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க, மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்தில் நடக்கவைத்துப் பார்த்து வாங்குங்கள். மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் நேரத்தில் கடைக்குக் கூட்டிப்போனால் எந்த வாக்கரும் நன்றாகத்தான் இருக்கும்.