சிறிய பாடகர் குழுவுக்கு எது: பேர்டா, ஃபோரேயா?

நகரத் தேவாலயத்தில் பாட விரும்பும் பதினைந்து பேர் கொண்ட அமெச்சூர் குழுவுக்கு, ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் பேர்டின் நான்கு குரல் திருப்பலி இசையும், பிரெஞ்சு இசையமைப்பாளர் கேப்ரியல் ஃபோரேயின் ரெக்வியமும் (இறந்தோருக்கான திருப்பலி இசை) நல்ல தெரிவுகள். இரண்டும் லத்தீனில் அமைந்தவை.

பேர்டின் இசை 1590களின் தொடக்கத்தில் அச்சானது. அப்போது இங்கிலாந்தில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை இருந்தது. வீடுகளுக்குள் ஒளிந்து கூடியவர்கள் பாடியது இது. குரலுக்கு ஒருவர் இருந்தாலே போதும். ஆனால் துணைக்கு ஆர்கன் கிடையாது, சுருதி மெல்ல இறங்கிவிடும். கடைசிப் பகுதியான 'ஆக்னுஸ் தேயி' ('இறைவனின் செம்மறி' என்ற வேண்டுதல்) இரண்டு குரல்களில் தொடங்கி, மூன்றாகி, இறுதியில் நான்கும் சேர்ந்து அமைதியை வேண்டும். ஒரு குரல் பிடித்து நிற்க, அடுத்தது உரசி இறங்கும் அந்த இடத்தைப் பாடிப் பார்த்தால்தான் அருமை தெரியும். ஒருவர் அவசரப்பட்டாலும் அந்த உரசல் போய்விடும்.

ஃபோரேயின் ரெக்வியம் 1888-இல் பாரிஸ் மதலேன் தேவாலயத்தில் முதலில் ஒலித்தது. 1900-இல் வந்த முழு ஆர்க்கெஸ்ட்ரா வடிவம் சிறு குழுவை மூழ்கடித்துவிடும். ஆர்கனோடு மட்டும் பாடலாம். சுருதிக் கவலை குறையும். சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்), பாரிடோன் (நடுத்தர ஆண் குரல்) தனிப்பாடகர்கள் வேண்டும். இதன் 'ஆக்னுஸ் தேயி'யைத் தொடங்குவது டெனர்கள் (உயர்ந்த ஆண் குரல்கள்); பெரும்பாலான அமெச்சூர் குழுக்களில் ஆள் குறைவதும் அங்கேதான்.

என் ஓட்டு பேர்டுக்கே. கச்சேரிக்கு ஆறு வாரமே இருந்தால் மட்டும் ஃபோரே.