பத்து நாள் படுக்கையா, நாக்கடி மாத்திரையா?

கோவையிலும் திருப்பூரிலும் போதைக்காக வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையன்களின் வீட்டார் முன் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, பத்து நாள் உள்நோயாளியாக வைத்து உடலைத் தெளிய விடுவது. உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டுத் தணியும். பனியன் கம்பெனிக்கு லீவு சொல்லவும் எளிது. ஆனால் ஆபத்து வீடு திரும்பிய பிறகுதான்: உடலின் தாங்குதிறன் இறங்கியிருக்கும், பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுபோகும். நியூயார்க்கில் 1952இல் இளையோருக்கென்றே திறந்த ரிவர்சைடு மருத்துவமனை, உள்நோயாளியாக வைத்துத் தெளியவிட்டும் தோற்றது. வெளியே போனவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பழக்கத்துக்குத் திரும்பினார்கள்.

இரண்டாவது, புப்ரினார்பின் என்ற மாத்திரை; ஊசிக்கான ஏக்கத்தைத் தணிக்கும் மாற்று மருந்து. நாக்கடியில் வைத்து, விழுங்காமல் கரைய விட வேண்டும். கடைசி ஊசிக்குப் பின் 12 மணி நேரமாவது கடந்து, கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம் தெரிந்த பிறகே முதல் மாத்திரை. அவசரப்பட்டால் மாத்திரையே உடல்வலி, வயிற்றுப்போக்கு போன்ற விலகல் வேதனையைத் திடீரெனக் கிளப்பும். 'இது ஒத்துக்கலைங்க' என்று பலர் விடுவது இதனால்தான். தொடக்கத்தில் தினமும் சிகிச்சை மையத்துக்குப் போகவேண்டியிருக்கும், ஷிப்ட் வேலைக்காரருக்கு அது சிரமம். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தொடரும்.

ஊசிப் பழக்கம் வேரோடியவருக்கு இரண்டாவதே எங்கள் தேர்வு. கஞ்சாவுக்கு இம்மருந்து உதவாது.

போலீஸ் பயமா? தானாகச் சிகிச்சைக்கு வந்து முடிப்பவருக்கு, 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, அச்சட்டத்தின்கீழ் போதைப்பொருளைப் பயன்படுத்தியது அல்லது சிறு அளவு வைத்திருந்தது தொடர்பான வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. பாதியில் விட்டால் அது பறிபோகலாம்.