ஒரே நீளம், ஒரே தடிமன், இரண்டு சுருட்டு

வலென்சியாவில் எங்கள் கப்பல் நின்றபோது வெளியே போக எனக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம். கூட வந்தவர்கள் ஷூ வாங்கப் போனார்கள், நான் நேராக ஓர் எஸ்தாங்கோவுக்குள் நுழைந்தேன். ஸ்பெயினில் புகையிலை விற்க அரசு உரிமம் பெற்ற கடைக்கு அதுதான் பெயர். கடைக்குக் கடை விலை மாறாது, அதனால் பேரம் பேசி நேரம் போகாது. லீவுக்குப் போகும்போது 25 சுருட்டு கொண்ட பெட்டி ஒன்று வாங்கிப் போக எண்ணம். மான்டேகிறிஸ்டோ நம்பர் 4-ஆ, ரோமியோ இ ஹூலியேட்டா நம்பர் 2-ஆ? பெட்டிக்குக் காசு கொட்டுவதற்கு முன் இரண்டிலும் இரண்டிரண்டு உதிரியாக வாங்கினேன். ரோமியோ கொஞ்சம் விலை குறைவு.

இரண்டும் கியூபாச் சரக்கு. இரண்டும் 129 மில்லிமீட்டர் நீளம், 42 ரிங் கேஜ். ஒரு அங்குலத்தை 64 பங்காக்கி, அதில் 42 பங்கு குறுக்களவு என்று கணக்கு. எஞ்சின் ரூம் ஆள் சும்மா இருப்பேனா? வெர்னியர் வைத்துப் பார்த்தேன், 16.7 மி.மீ. பட்டறையில் இந்த அளவுக்கு மாரேவா என்று பெயர். ஆக, அளவு ஒன்று, உள்ளே போகும் இலைக் கலவைதான் வேறு. உச்சி இலை லிகேரோ காரம் தரும், நடு இலை செகோ மணம் தரும், அடி இலை வொலாடோ நின்று எரிய உதவும். அதே பருப்பு, அதே புளி என்றாலும் பக்கத்து வீட்டுச் சாம்பார் நம் வீட்டில் வருமா?

பெயர்கள் இரண்டும் கதைப் புத்தகத்திலிருந்து வந்தவை. ரோமியோ 1875-இல் தொடங்கிய பெயர், மான்டேகிறிஸ்டோ 1935. கியூபாவில் சுருட்டு சுற்றுகிறவர்களுக்கு ஒருவர் உட்கார்ந்து உரக்க வாசிப்பது வழக்கம். அப்படிக் கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போன கதையிலிருந்துதான் மான்டேகிறிஸ்டோ என்ற பெயர் வந்தது என்பார்கள்.

முதல் சுற்றை நானே கெடுத்தேன். பின்தளத்தில் காற்று அடிக்கும்போது ரோமியோவைப் பற்ற வைத்தேன். ஒரு பக்கம் மளமளவென்று எரிந்து இறங்க, மறுபக்கம் பச்சையாக நின்றது. அதோடு, அலுமினியக் குழாயில் வந்ததுதானே என்று அதை ஏசி கேபினில் அப்படியே போட்டு வைத்திருந்தேன். குழாய் காற்றுப் புகாத டப்பா இல்லை, சுருட்டு காய்ந்திருந்தது. மீதி மூன்றையும் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டிபன் டப்பாவில், 65 சதவீத ஈரப்பதம் காக்கும் சின்னப் பொட்டலத்தோடு மூன்று வாரம் வைத்தேன். அப்புறம் ஸ்மோக் ரூமில் உட்கார்ந்து நிதானமாக.

ரோமியோ எடுத்த எடுப்பிலேயே சிநேகமானது. தேவதாரு மரத்தை இழைக்கும்போது வருமே, அந்த வாசனை. அதன் மேல் லேசாக ஒரு பூ மணம். புகை நாக்கில் உறைக்காது. பால் சேர்த்த காபியோடு காலையில் குடித்தால்கூட வயிற்றைப் புரட்டவில்லை. குறை என்றால், பாதிக்கு மேல் புதிதாகச் சொல்ல அதற்கு ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் இருந்ததேதான் கடைசி வரை.

மான்டேகிறிஸ்டோவுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் ஐந்து நிமிடம் வெறும் மிளகு. சாம்பல் ஒரு விரற்கடை நீளம் ஆனதும் கொக்கோ வந்தது, பிறகு ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போல ஒரு புளிப்புத் துள்ளல். கடைசி மூன்றில் ஒரு பங்கு டிகாக்‌ஷன், அதுவும் சர்க்கரை போடாதது. உறையூரில் தாத்தா குடித்த சுருட்டின் காரத்துக்கு முன்னால் இது சாதுதான். ஆனாலும் மீடியத்துக்கு ஒரு படி மேல் என்றே சொல்வேன். வெறும் வயிற்றில் வேண்டாம். நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் இழுத்தால் சூடேறிக் கசந்துவிடும். நிதானமாகப் போனால் நாற்பது நிமிடம் ஓடுகிறது.

பெட்டி மான்டேகிறிஸ்டோதான், அடுத்த முறை வலென்சியா வரும்போது. லீவில் எனக்கு நேரம் இருக்கும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடி இருக்கும், அவசரம் இருக்காது. டியூட்டி நாட்களில் ரோமியோ இரண்டு மூன்று உதிரியாக வைத்துக்கொள்வேன். முதன்முறை சிகார் வாங்குகிறவர் கேட்டாலும் ரோமியோவைத்தான் காட்டுவேன்.

காலிக் குழாய்கள் இரண்டையும் எங்கள் சமையற்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்றில் ஏலக்காய், ஒன்றில் கிராம்பு. எத்தனை தடவை கழுவினாரோ தெரியாது, போன ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் லேசாக மர வாசனை.