பக்கிக்கு ஆல்ட்டோ எஞ்சின்: வயரிங் செய்த கடை எப்படி?

புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு சின்ன ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை, போர்டு கூடச் சரியாகத் தெரியாது. ஆல்ட்டோவின் 796 சிசி எஞ்சின் ஏற்றிய எங்கள் பக்கிக்கு (பைப் ஃபிரேமில் கட்டிய திறந்த வண்டி) அங்கே கடைக்கார அண்ணன் செய்த வயரிங் பிரமாதம். ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் பூட்டு), சாவி எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சாவியின் சிப் பொருந்தாவிட்டால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. வைப்பர், கதவு வயர்களையெல்லாம் கழித்துவிட்டு பெட்ரோல் பம்புக்கும் ஃபேனுக்கும் தனித்தனி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ஃபியூஸ் போட்டார். எஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் வயரை, பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில் பக்கமே விடவில்லை, சிக்னல் கெட்டால் எஞ்சின் திணறுமாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது எர்த் வேலைதான். பைப் ஃபிரேமில் பெயின்ட்டைச் சுரண்டி, எஞ்சின் பிளாக்கிலிருந்து தடித்த கேபிள் இழுத்து முறுக்கி, நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு மேலே கிரீஸும் தடவினார். இதையெல்லாம் யார் செய்கிறார்கள்?

குறை இல்லாமல் இல்லை. சொன்ன தேதிக்கு வண்டி கிடைக்காது, போனும் எடுக்கமாட்டார், கூலியும் கொஞ்சம் அதிகம். எந்தக் கலர் வயர் எங்கே போகிறது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், தானாகத் தரமாட்டார். அப்புறம், ரோட்டில் ஓட்டும் எண்ணம் இருந்தால் ஆர்டிஓ விஷயத்தை முதலில் பாருங்கள். நாங்கள் தோப்புக்குள் மட்டும்தான் ஓட்டுகிறோம்.